எலி வராத களஞ்சியம்

கடைசிப் பலகையோடு அவள் அந்தச் சிற்றூருக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. லாரி நாற்சந்தியில் நின்றுவிட்டது. இதற்கு மேல் போகாது என்றார் ஒப்பந்தக்காரர்.

"ஏன் போகாது?"

"சந்து சின்னது மேடம். லாரி பெருசு."

எதைக் கேட்டாலும் "ஆச்சு மேடம்" என்பார். அதனால் அலுவலகத்தில் அவருக்கு ஆச்சு என்றே பெயர். குழி தோண்டிவிட்டீர்களா? ஆச்சு. சிமெண்ட் வந்ததா? ஆச்சு. போய்ப் பார்த்தால் குழியும் இருக்காது, சிமெண்டும் இருக்காது. மரநிழலில் ஆச்சு மட்டும் இருப்பார்.

அவளுக்கு மரபுத்துறையில் பலகை வேலை. பழைய பாலம், பழைய நீதிமன்றம், பழைய தபால் நிலையம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை. இரண்டு இரும்புக் கால், கறுப்புத் தகடு, வெள்ளை எழுத்து. அவள் பட்டியலில் மற்றதெல்லாம் நட்டாகிவிட்டது. மிச்சம் இருந்தது இந்த ஊரின் பஞ்ச காலத்துத் தானியக் களஞ்சியம் ஒன்றுதான்.

இதையும் நட்டுவிட்டால் அவள் வீட்டுக்குப் போகலாம்.

மூன்று வருடமாக ஊர் ஊராகப் பலகை நட்டுக்கொண்டிருந்தாள். கணவனும் மகளும் தலைநகரில். நாத்தனார்தான் பக்கத்துத் தெருவிலிருந்து வந்து குழந்தைக்குத் தலை பின்னிவிடுகிறாள். பிறந்தநாளுக்கு என்ன நிறத்தில் சட்டை வேண்டும் என்று போன வாரம் போனில் கேட்டதற்கு மகள் சொன்னாள்: "இரும்மா, அத்தைகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். "வெள்ளிக்கிழமை நானே வந்து துணிய விலக்கறேன். போட்டோ எடுக்கறோம். அங்கயே உங்க மாற்றல் உத்தரவுல கையெழுத்துப் போடறேன். பலகை மட்டும் நிக்கணும்."

பலகை மட்டும் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

இருவரும் சந்தில் நடந்து போனார்கள். களஞ்சியம் ஊரின் முதுகுப் பக்கம் இருந்தது. கல் கட்டடம். சன்னல் கிடையாது. கூரையை ஒட்டிக் கையளவு துளைகள். கனத்த மரக்கதவு. ஆச்சு தோளால் தள்ளினார். திறந்தது.

பூட்டிக் கிடந்த கட்டடங்களை அவள் நிறையப் பார்த்தவள். வௌவால் நாற்றம், எலிப் புழுக்கை, முகத்தில் ஒட்டும் சிலந்தி வலை. இங்கே அதெல்லாம் இல்லை. எறும்புகூட இல்லை. தரையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. கருங்கல் தளம் வழவழவென்று மின்னியது. யாரோ தினமும் துடைப்பது போல.

"களஞ்சியம்ங்கறாங்க, ஒரு எலியக் காணோம்" என்றாள்.

"எலிக்கும் ரோஷம் இருக்கு மேடம். ஒண்ணுமில்லாத வீட்டுக்கு எதுக்கு வரணும்?"

வாடை மட்டும் ஒன்று இருந்தது. பழைய தானியத்தின் வாடை இல்லை. நாள் முழுக்கச் சாப்பிடாதவர்கள் பக்கத்தில் வந்து வாய் திறந்தால் வருமே, அது.

அவள் வெளியே வந்து மூச்சு விட்டாள்.

பலகையின் வாசகம் அவளுக்கு மனப்பாடம். "இந்த இடத்தில், பஞ்ச காலத்தில், தானியம் தேடி வந்த மக்கள் உள்ளே வைத்துப் பூட்டப்பட்டுப் பசியால் உயிர் நீத்தனர். களஞ்சியம் அப்போது வெறுமையாக இருந்தது."

துறையில் ஒரு வழக்கம் உண்டு. வாசகத்தைத் தலைமையகத்தில் உட்கார்ந்து எழுதுவார்கள். எழுதுகிறவர் இடத்தைப் பார்த்திருக்க மாட்டார். நடுகிறவர்கள் வண்டி எங்கே நிற்குமோ அங்கே நடுவார்கள். போட்டோவில் பலகையும் விழ வேண்டும், சாலையும் விழ வேண்டும். அப்போதுதான் நாலு பேர் படிக்கிறார்கள் என்று மேலிடம் நம்பும். அதனால் பாலத்தின் பலகை பெட்ரோல் நிலையத்தில் நிற்கிறது. நீதிமன்றத்தின் பலகை காய்கறிச் சந்தையில் நிற்கிறது. இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை.

களஞ்சியத்தின் பலகைக்கு நாற்சந்தி என்று முடிவாயிற்று. அங்கே ஒரு தையல் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. குழி தோண்டும் சத்தம் கேட்டுத் தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தார்.

"இங்க நட்டா என் கடை தெரியாதேம்மா."

"தெரியும். ரெண்டு காலுக்கும் நடுவுல தெரியும்."

"குனிஞ்சு பாத்து யாரும் சட்டை தைக்கக் குடுக்க மாட்டாங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "விடுங்க. உங்களத் தேடி வர்றதே ரெண்டு பேரு. குருடனா இருந்தாலும் வழி தெரியும் அவங்களுக்கு."

ஆச்சு சிரித்தார். தையல்காரர் சிரிக்கவில்லை. பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தார்.

"இது களஞ்சியத்து விஷயம். என் வாசல்ல எதுக்கு?"

"அம்புக்குறி போட்டுடறோம்."

"அங்கயே நடுங்களேன்."

"அங்க கார் போகாது."

"கார் எதுக்குப் போகணும்? செத்தவங்க நடந்துதானே போனாங்க."

அவளிடம் உத்தரவு இருந்தது. நட்டார்கள்.

மறுநாள் காலை நாற்சந்தியில் இரண்டு குழிகள் இருந்தன. பலகை இல்லை.

அது களஞ்சியத்துக் கதவருகே சுவரில் சாய்ந்து நிமிர்ந்து நின்றது. பத்திரமாக, ஒரு கீறல் இல்லாமல். அவளுக்கு உச்சந்தலை சுட்டது. ஆச்சுவும் கூலிக்கு வந்த ஒருவரும் பலகையைச் சுமந்து வந்து, சிமெண்டைக் கொட்டி மறுபடி நட்டார்கள். அவள் காவல் நிலையத்துக்குப் போனாள். காவலர் புகாரை எழுதிக்கொள்ளவில்லை.

"காணாமப் போச்சுன்னா எழுதலாம். இருக்க வேண்டிய இடத்துலதானே மேடம் இருந்திருக்கு?"

அடுத்த நாள் காலை இரும்புக் கால்கள் சிமெண்டுக்கு மேலே அறுக்கப்பட்டிருந்தன. பலகை மறுபடியும் களஞ்சியத்தில்.

அவள் இயக்குநருக்குப் போன் செய்தாள். முதல் தடவை கூட்டத்தில் இருந்தார். அடுத்த தடவை வழியில் இருந்தார். பிறகு கிடைத்தார்.

"சார், களஞ்சியத்து வாசல்லயே நட்டுடலாமா? ஊர்ல எதிர்ப்பு இருக்கு."

"அந்த சந்துல என் கார் வருமா?"

"வராது சார். கொஞ்ச தூரம்தான், நடந்து…"

"சாலை இல்லாம போட்டோவா? போன தடவ ஒருத்தர் அப்படித்தான் அனுப்பினார். காட்டுல கொண்டு போய் நட்டீங்களான்னு மேல கேட்டாங்க. நாற்சந்தி. வெள்ளிக்கிழமை. உங்க உத்தரவு என் பையிலயே இருக்கு."

போன் அடங்கிய பிறகும் அவள் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கல்லில் நார் உரிக்கலாம். இந்த மனிதரிடம் ஒரு சரி வாங்க முடியாது.

ஆச்சு புதுக் கால்களை வெல்டிங் செய்தார். சொன்ன நேரத்துக்குச் செய்தார். அதுவே ஒரு அதிசயம். முற்பகலுக்குள் பலகை மூன்றாம் தடவையாக நாற்சந்தியில் எழுந்தது. அப்போதுதான் அவள் தையல் கடையின் படியைப் பார்த்தாள். படியில் இரும்புத் தூள் மின்னியது.

கடைக்குள் ஏறினாள். மனதுக்குள் நன்றாகத் தீட்டி வைத்திருந்த சொற்களோடு ஏறினாள்.

தையல்காரர் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சக்கரத்தின் மேல் கை. தைக்கவில்லை.

"அறுத்தது நீங்கதானே?"

"ஆமா."

மறுப்பார் என்று நினைத்திருந்தாள். தீட்டி வைத்ததெல்லாம் வீணாயிற்று.

"அரசாங்கச் சொத்து. உள்ள போயிடுவீங்க, தெரியுமா?"

"போறேன். உள்ள சாப்பாடு போடுவாங்கல்ல? அவளையும் கூட்டிட்டுப் போறேன்."

அவர் கண்ணால் பின்பக்கம் காட்டினார். அவள் பின்கட்டைப் பார்த்தாள்.

அடுப்படித் தரையில் தையல்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் பாத்திரம். வெறும் கையால் அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. அழுதுகொண்டே தின்றாள். வாயில் இருந்ததை விழுங்குவதற்குள் அடுத்த கை மேலே வந்தது.

"பலகை நட்ட அன்னிக்கே ஆரம்பிச்சுது" என்றார் தையல்காரர். "எடுத்துட்டுப் போய் அங்க நிமிர்த்தி வெச்சா நின்னுடுது. நீங்க திரும்பக் கொண்டு வர்றீங்க. இவ திரும்ப உக்காந்துடறா."

"டாக்டர்கிட்ட…"

"காட்டியாச்சு. புழுவுக்கு மாத்திரை குடுத்தார். அதையும் தின்னா."

தையல்காரரின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அன்று உள்ளேயிருந்து கேலி பேசிய அதே குரல். இப்போது பலமே இல்லை.

"வயிறு வெடிக்குது மேடம். ஆனாலும் பசிக்குது. இது என் பசி இல்ல."

அவள் கண்ணைத் தாழ்த்தினாள். அப்போதுதான் தரை கண்ணில் பட்டது. தையல் கடைத் தரை என்றால் துணுக்கும் நூலும் உடைந்த ஊசியும் கிடக்கும். இங்கே ஒரு நூலிழை இல்லை. சிமெண்ட் தரை வழவழவென்று மின்னியது.

"நான் பெருக்கல" என்றார் அவர், கேட்காமலே.

பிறகு அந்தச் சத்தம் வந்தது.

துணி வெட்டும் மேசைக்கு அடியிலிருந்து.

உள்ளங்கையால் தரையைத் தேய்க்கும் சத்தம். மெதுவாக. ஒரு பக்கமிருந்து மறுபக்கம். நிறுத்தி, மறுபடி. இருட்டில் கீழே விழுந்த ஏதோ ஒன்றைத் தேடுவது போல.

ஒரு கை இல்லை.

பல கைகள்.

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சாலையில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. மேசைக்கு அடியில் யாரும் இல்லை. அந்த வாடை மட்டும் அவள் முகத்துக்கு நேராக, முழங்கால் உயரத்திலிருந்து எழுந்து வந்தது.

படி இறங்கியது அவளுக்கு நினைவில்லை. பலகையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆச்சு ஓடி வந்தார்.

"என்ன மேடம், முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு?"

"கழட்டுங்க இத."

"இப்பத்தானே நட்டோம்! சிமெண்ட் காயக்கூட இல்ல!"

"அதனாலதான் சொல்றேன். கழட்டுங்க."

தையல்காரர் வாசலில் வந்து நின்றார். அவருக்குக் கேட்கும்படி அவள் சொன்னாள். கெஞ்சலாக வரவில்லை, சண்டை போடுவது போலத்தான் வந்தது.

"வெள்ளிக்கிழமை காலைல அரை மணி நேரம் நிக்கணும். அவ்வளவுதான். அதுவரைக்கும் என் அறையில வெச்சுக்கறேன். விழா முடிஞ்சதும் நானே களஞ்சியத்துல கொண்டு போய் நடறேன். யாரு கேட்டாலும் சரி."

"அரை மணி நேரம் மூச்ச அடக்கிப் பாருங்க. அப்புறம் பேசுங்க."

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா" என்றாள். "என் முகத்த மறந்துட்டிருக்கா."

தையல்காரர் பின்கட்டைத் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி சொன்னாள். "சரின்னு சொல்லுங்க. அவங்களாவது வீடு போய்ச் சேரட்டும்."

சிமெண்ட் ஈரத்தோடு கால்கள் வெளியே வந்தன. உள்ளே பாத்திரம் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒரு நீண்ட ஏப்பம்.

அவள் தங்கியிருந்தது பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு விடுதி. மாடியில் அறை. கட்டில், நாற்காலி, ஒரு பல்பு. பலகையைத் துணியில் சுற்றி, முகம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தாள். எழுத்தைப் பார்க்காவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

வியாழக்கிழமையான அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. சாலையில் விளக்கு போட்டிருந்தார்கள். விடுதிக்காரம்மா தட்டில் சாப்பாடு கொண்டு வந்து வைத்தாள். சாப்பிட்டாள். தட்டு காலியானது. சாப்பிடாதது போல இருந்தது. கீழே இறங்கிப் போய் இன்னொரு தட்டு வாங்கி வந்தாள். அதுவும் காலி. பையில் ஒரு ரொட்டிப் பொட்டலம் இருந்தது. பிரித்தாள்.

பாதி தின்ற பிறகுதான் ஏற்கெனவே இரண்டு தட்டு முடித்திருந்தது நினைவுக்கு வந்தது.

வயிறு கல்லாக இருந்தது. வயிற்றுக்கும் கீழே எங்கேயோ ஒரு பள்ளம். அதில் என்ன போட்டாலும் போய்க்கொண்டே இருந்தது.

மின்சாரம் போயிற்று.

சன்னலில் மழைவெளிச்சம் சாம்பல் நிறத்தில் மிச்சம் இருந்தது. அறையின் மூலைகள் கறுத்தன. மழைச் சத்தம் பெரிதாக இருந்தது. அதற்கு அடியில் இன்னொரு சத்தம்.

சரக்.

சரக்.

பலகை சாய்ந்திருந்த சுவரோரத்தில் தொடங்கியது. கட்டிலுக்கு அடியில் புகுந்தது. நாற்காலிக் கால்களைச் சுற்றியது. அவசரம் இல்லை. ஒரு சாண் விடாமல் தடவிக்கொண்டு வந்தது. நடுவில் நின்றது, எதையோ தொட்டுப் பார்த்தது, இல்லை என்று விட்டது, மேலே நகர்ந்தது.

அவள் கட்டிலில் கால்களை மடக்கிக்கொண்டாள். கையில் ரொட்டி இருந்தது. அது மெல்லிய ஒலியோடு தரையில் விழுந்தது.

அறை முழுவதும் சத்தம் நின்றது.

மழைகூட நின்றது போல இருந்தது.

பிறகு எல்லாக் கைகளும் ஒரே இடத்துக்கு வந்தன. அடித்துக்கொள்ளவில்லை. பிடுங்கவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. ஒவ்வொன்றாக, வரிசையாக, காத்திருந்து வந்தன.

ரொட்டி தீர்ந்திருக்க வேண்டும்.

கட்டில் விளிம்பில் விரிந்து கிடந்த அவளுடைய வலது உள்ளங்கையில் ஏதோ பட்டது. குளிர்ச்சியாக இல்லை, சூடாகவும் இல்லை. உலர்ந்திருந்தது. சருகு போல. அது அவள் கைரேகைகளுக்குள் ஒட்டியிருந்த துகள்களைத் தேடியது. பொறுமையாக. விரல் இடுக்கில் ஒன்று. மணிக்கட்டு ஓரத்தில் ஒன்று. எடுத்துக்கொண்டு விலகியது.

அடுத்தது வந்தது. அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அது அவள் கையை விட மனமில்லாமல் அங்கேயே இருந்தது.

சின்னக் கை.

அவள் உதைத்தாள். எதை உதைக்கிறோம் என்று தெரியாமல் உதைத்தாள். கால் பலகையில் பட்டது. பலகை சுவரிலிருந்து நழுவிப் பெரும் சத்தத்தோடு தரையில் குப்புற விழுந்தது.

அமைதி.

மழை மட்டும் பெய்தது. கதவைத் தட்டி விடுதிக்காரம்மா, "என்னம்மா உடைச்சீங்க?" என்றாள். "ஒண்ணும் இல்லீங்க" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் வயிறு வலிப்பது தெரிந்தது. வெறும் வலி. பசி இல்லை.

"இந்த இடத்தில்" என்ற பலகை நிமிர்ந்து நின்றால்தான் வருகிறார்கள். படுத்துவிட்டால் அவர்களுக்கு இடம் இல்லை. அது புரிந்ததும் அவளுக்கு ஆறுதலை விட ஆத்திரம்தான் வந்தது. பிடிவாதமாக நிற்க வைத்ததெல்லாம் யார்? அவள்தான். விளக்கு வந்தபோது பார்த்தாள். விடுதி அறையின் அழுக்குத் தரை நான்கு மூலையும் பளபளத்தது.

வெள்ளிக்கிழமை காலை பலகையைப் படுக்க வைத்தே லாரியில் ஏற்றினார்கள். இயக்குநரின் கார் பாலம் தாண்டிவிட்டது என்று போன் வந்த பிறகுதான் அவள் நிமிர்த்தச் சொன்னாள். குழியில் இறக்கி, கல்லைப் போட்டு இறுக்கினார் ஆச்சு. சிமெண்ட் இல்லை. மேலே சிவப்புத் துணி.

தையல்காரர் கடையைப் பூட்டி மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் போயிருந்தார்.

இயக்குநர் இறங்கினார். துணியை விலக்கினார். கை தட்டினார்கள். "பசியோடு போனவர்களை நாம் மறந்துவிடக் கூடாது" என்று தொடங்கினார். நீண்ட பேச்சு வைத்திருந்தார். பாதியில் நிறுத்திவிட்டு வயிற்றைத் தடவினார்.

"என்னவோ இன்னிக்கு அகோரப் பசி. சாப்பாடு எங்க ஏற்பாடு?"

"ஒரே ஒரு போட்டோ சார்" என்றாள். பல்லைக் கடித்திருந்தாள். அவளுக்குள்ளும் அந்தப் பள்ளம் திறந்திருந்தது. கூட்டத்தில் நின்ற அத்தனை பேரும் எச்சில் விழுங்கினார்கள். பேச்சு குறைந்தது. புகைப்படக்காரர் அவளைப் பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். சிரிக்கச் சொன்னார். பின்னால் சாலை. பக்கத்தில் எழுத்து. எல்லாம் விழுந்தது.

காரின் முகப்பில் வைத்தே இயக்குநர் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடக்கூட நிற்கவில்லை.

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கார் சத்தம் அடங்குவதற்குள் பலகையைப் படுக்க வைத்து, ஒரு முனையை ஆச்சுவும் மறுமுனையை அவளும் சுமந்து சந்தில் நடந்தார்கள். தோள் வலித்தது. ஆச்சு வழியெல்லாம் புலம்பினார்.

"ஊர்ல எல்லாரும் பலகை நட்டா வாசிப்பாங்க. நாம ரெண்டு பேர்தான் மேடம் சுமக்கறோம்."

களஞ்சியத்து வாசலில் ஆழமாகக் குழி வெட்டி, சிமெண்ட் போட்டு நிறுத்தினார்கள். கதவுக்கு அந்தப் பக்கம், உள்ளே, வெகுதூரத்தில் கேட்பது போல அந்தத் தேய்ப்பு ஒலி தொடங்கியது. ஆச்சு கேட்டாரா என்று அவள் பார்த்தாள். அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். முகத்தை மட்டும் திருப்பவில்லை.

"ஆச்சு மேடம்" என்றார். அந்த ஒரு தடவை நிஜமாகவே ஆகியிருந்தது.

நாற்சந்தியில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரரின் மனைவி வாசலில் நின்றாள். கூப்பிடவும் இல்லை, கையசைக்கவும் இல்லை. ஒரு தடவை தலையை ஆட்டினாள். அது போதுமாக இருந்தது.

வீட்டில் அவளுக்கு நாட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. முதல் நாள் பின்னிய சடை கோணலாக இருந்தது. "அத்தை இப்படிப் போட மாட்டாங்க" என்றாள் மகள். அடுத்தடுத்த நாள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகொரு நாள் மகளே சீப்பை எடுத்து வந்து முன்னால் உட்கார்ந்தாள். அவள் தன் முகத்தை மகளின் முதுகுப் பக்கம் மறைத்துக்கொண்டாள்.

தலைமையகத்தில் புது மேசை. புது இருக்கை. ஒரு நாள் வேலை முடிந்து மாலையில் வீடு திரும்பியபோது கூடத்தில் கணவன் ஸ்டூல் மேல் நின்றிருந்தான். சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரே சுவரில் ஆணி அடித்து எதையோ நேராக்கிக்கொண்டிருந்தான்.

"கண்ண மூடு, கண்ண மூடு" என்றான். "ம், இப்பப் பாரு."

கண்ணாடிச் சட்டத்தில் பெரிதாக்கிய போட்டோ. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பலகை. ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது.

"ஆபீஸ்லேர்ந்து அனுப்பியிருந்தாங்க. மூணு வருஷம் என் பொண்டாட்டி என்ன செஞ்சான்னு வர்றவன் போறவனுக்குத் தெரிய வேணாமா?"

அவள் பதில் சொல்வதற்குள் மேசையிலிருந்து மகளின் குரல் வந்தது.

"அப்பா, இன்னும் கொஞ்சம் போடுங்க."

"பாத்தியா?" என்று அவன் ஸ்டூலிலிருந்து இறங்கினான். "ஒரு வாய்க்கு ஒம்பது தடவ கெஞ்ச வைப்பா. இத மாட்டினதுலேர்ந்து மூணாவது தட்டு! அம்மா வந்த நேரம்."

அவள் ஸ்டூலில் ஏறினாள். சட்டத்தை ஆணியோடு பிடுங்கினாள். சுவர்ப்பூச்சு உதிர்ந்தது. கண்ணாடியைக் குளியலறைத் தரையில் உடைத்தாள். படத்தை உருவி வாளிக்குள் போட்டுத் தீக்குச்சி கிழித்தாள். முதல் குச்சி பற்றவில்லை. அடுத்தது பற்றியது. அவள் முகம் சுருண்டது. பலகை சுருண்டது. எழுத்துகள் கடைசியாகக் கறுத்தன.

கணவன் வாசலில் நின்று பார்த்தான். முதலில் திகைத்தான். பிறகு கோபம் வந்தது.

"உனக்குப் பைத்தியமா? ஆசையா மாட்டினேன்டி!"

"அப்புறம் சொல்றேங்க. எல்லாம் சொல்றேன். இனிமே இந்தப் படம் நம்ம வீட்டுல வேணாம்."

"இங்க வேணாம்னா போகட்டும். நல்லவேளை, இதவிடப் பெருசா எடுத்தத ஸ்கூலுக்குக் குடுத்துட்டேன். அவங்களாவது மதிச்சு வெச்சாங்க."

"எந்த ஸ்கூலுக்கு?"

"நம்ம பொண்ணு ஸ்கூலுக்குத்தான். எல்லாப் பிள்ளைங்களும் உக்காந்து சாப்பிடற ஹால்ல, ஆளுயரத்துக்கு. திங்கட்கிழமையே மாட்டிட்டாங்க. எந்தப் பிள்ளையோட அம்மாவ அப்படி மாட்டியிருக்காங்க, சொல்லு?"

வாளியில் புகை வந்துகொண்டிருந்தது. அன்று வியாழக்கிழமை.

அவள் கூடத்துக்கு வந்தாள். மகள் தட்டைத் தள்ளி வைத்திருந்தாள். வயிறு நிறைந்த சோர்வோடு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். சுவரில் இப்போது ஆணி பிடுங்கிய ஓட்டை மட்டும் இருந்தது. வீடு அமைதியாக இருந்தது. அவள் மகளின் முன்னால் மண்டியிட்டு அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்தாள். சும்மா, பிடித்துக்கொள்ளத்தான் எடுத்தாள்.

உள்ளங்கைகள் வழவழவென்று இருந்தன. தோல் தேய்ந்து, சிவந்து, ரேகைகள் மங்கியிருந்தன.

"என்னடா கண்ணு இது?"

"ஸ்கூல்ல தேடினோம்மா."

"என்ன தேடினீங்க?"

"தெரியல." மகள் கொட்டாவி விட்டாள். "எல்லாரும் கீழ உக்காந்து தேடினாங்க. டீச்சரும்தான். இன்னும் ஒண்ணுகூடக் கிடைக்கல."